மாயா, ஆஸ்டெக், ஓல்மெக்: அடிக்கடி வர்ற கேள்விகளும் பதில்களும்

மெக்ஸிகோ, குவாத்தமாலா பக்கத்து பழைய நாகரிகம்னு பேச்சை எடுத்தாலே ஏலியன், 2012, நரபலி இந்த மூணுல ஒண்ணு கண்டிப்பா வந்து நிக்கும். அதுக்கும் கீழ பதில் இருக்கு. ஆனா அதைவிட சுவாரசியமான சங்கதி நிறைய இருக்கு, அதனால சில பதில் ரெண்டு வரியில முடியும், சிலது இழுத்துக்கிட்டு போகும், பொறுத்துக்கோங்க.

மெசோஅமெரிக்கான்னா எந்த ஏரியா? இன்கா, மாச்சு பிச்சு எல்லாம் இதுல வருமா?

வராது. இன்காக்கள் தென் அமெரிக்கா, பெரு பக்கம். மெசோஅமெரிக்கான்னா மெக்ஸிகோவோட நடுப்பகுதியும் தெற்கும், குவாத்தமாலா, பெலிஸ், எல் சால்வடார், ஹோண்டுராஸோட மேற்குப் பக்கம், அதுக்குக் கீழ இன்னும் கொஞ்சம். பால் கிர்ச்சாஃப்னு ஒரு ஆய்வாளர் 1943ல தான் இந்தப் பேரை வெச்சார். மொழி வேற, ராஜா வேற, காலமும் வேறன்னாலும் இவங்க எல்லாருக்கும் சோளம் தான் சோறு, 260 நாள் கொண்ட சடங்கு காலண்டர் இருந்துச்சு, ரப்பர் பந்து ஆட்டம் இருந்துச்சு, படிப்படியா ஏறுற பிரமிடு கட்டினாங்க, அதனால ஒரே பேர்ல சேர்த்துட்டாங்க. இன்னைக்கு நம்ம குழம்புல விழுற மிளகாயும் அங்க விளைய வெச்ச பயிர் தான்.

யாரு முதல்ல, யாரு கடைசி?

ரொம்ப தோராயமா சொல்றேன். கி.மு. 1400லேருந்து 400 வரைக்கும் மெக்ஸிகோ வளைகுடா கரையோரம் ஓல்மெக். அதுக்கப்புறம் தெற்கு மெக்ஸிகோவுல ஓஹாகாங்கற பகுதியில மொன்டே அல்பான் நகரம். மெக்ஸிகோ சிட்டிக்கு வடகிழக்குல தியோதிவாக்கான், கி.பி. 550 வாக்குல எரிஞ்சு அடங்குச்சு. மாயா நகரங்கள் தெற்குப் பக்கம் கி.பி. 250லேருந்து 900 வரைக்கும் உச்சத்துல இருந்துச்சு. ஆஸ்டெக் கடைசி, அவங்க தலைநகர் டெனோச்டிட்லான் (இன்னைக்கு அதே இடத்துல தான் மெக்ஸிகோ சிட்டி) 1325ல உருவாச்சுன்னு சொல்றாங்க, 1521 ஆகஸ்ட் 13 ஸ்பெயின்காரங்க கையில விழுந்துச்சு. ஆஸ்டெக் காலத்துக்காரனுக்கு ஓல்மெக்னா நமக்கு மௌரியர் காலம் மாதிரி, அவ்ளோ தூரம்.

ஓல்மெக் தலைகள் ஆப்பிரிக்கர் முகம்னு சொல்றாங்களே?

ஓல்மெக் ஆளுங்க செதுக்கின பெரிய கல் தலைகளைத் தான் சொல்றாங்க. இதுவரைக்கும் 17 தலை கிடைச்சிருக்கு, சின்னது ஒன்றரை மீட்டர், பெருசு மூணு மீட்டருக்கு மேல. ஒவ்வொண்ணும் எரிமலைப் பாறை, துஷ்ட்லா மலையிலேருந்து சான் லொரென்சோ, லா வென்டாங்கற ஓல்மெக் ஊர்களுக்கு பல கிலோமீட்டர் இழுத்துக்கிட்டு வந்திருக்காங்க, வண்டி மாடு எதுவும் இல்லாம. மூக்கும் உதடும் தடிமனா இருக்கேன்னு பார்த்து ஆப்பிரிக்கான்னு சொல்றது தான் வழக்கம், ஆனா அதே ஊர்ப்பக்கம் இன்னைக்கும் போய் பார்த்தா அதே முகத்தோட ஆளுங்க நடமாடிக்கிட்டு இருக்காங்க. தவிர அங்க தோண்டினதுல ஆப்பிரிக்காவிலேருந்து வந்த பொருள்னு ஒரு மணி கூட கிடைச்சதில்ல. ஒவ்வொரு தலைக்கும் முகமும் தலைக்கவசமும் தனித்தனி, அதனால அந்தந்த காலத்து ராஜாவோட முகமாத்தான் இருக்கணும்னு பெரும்பாலானவங்க நினைக்கிறாங்க.

தலையைத் தவிர ஓல்மெக்ல பார்க்க வேண்டியது என்ன?

என்னைக் கேட்டா அந்தத் தலைகளைவிட 1955ல லா வென்டால தோண்டி எடுத்த ஒரு சின்ன கும்பல் தான். படையல் 4ன்னு நம்பர் குடுத்திருக்காங்க. 16 பொம்மை, முக்கால்வாசி பச்சைக்கல், எல்லாம் ஒரு சாண் உயரம், மொட்டைத் தலை, நீட்டி விட்ட மண்டை, கை தொங்கப் போட்டு முழங்கால் லேசா மடங்கி நிக்குது. பின்னாடி கோடாரி வடிவத்துல ஆறு பச்சைக்கல் பலகை வேலி மாதிரி நட்டு வெச்சிருக்கு. ஒரே ஒரு பொம்மை மட்டும் வேற கல், சொரசொரப்பா அரிச்சுப் போனது, அது பலகைக்கு முதுகைக் காட்டி நிக்குது, மத்த 15ம் அதைச் சுத்தி இருக்கு. பஞ்சாயத்தா, பட்டம் கட்டுறதா, தண்டனையா, தெரியல.

இதுல முக்கியமானது என்னன்னா, புதைச்சு மேல கலர் கலரா மண் போட்டு தரை போட்டு ரொம்ப காலம் கழிச்சு, யாரோ அதே இடத்துல மேலேருந்து குழி வெட்டி, பொம்மைங்க தலை தெரியுற வரைக்கும் மட்டும் தோண்டி, பார்த்துட்டு, ஒண்ணையும் எடுக்காம திரும்ப மூடியிருக்காங்க. அந்தக் குழியோட தடம் மண்ணுல அப்படியே இருந்துச்சு, தோண்டினவங்க பொறுமையா மண் அடுக்கு அடுக்கா பார்த்ததால தெரிஞ்சது. அதாவது தரைக்குக் கீழ எந்த இடத்துல என்ன இருக்குன்னு தலைமுறை தாண்டி யாரோ ஞாபகம் வெச்சிருந்திருக்காங்க! திருடன் ஒருத்தன் இந்த 16 பொம்மையை சாக்குல போட்டு எடுத்துக்கிட்டு போயிருந்தா நமக்கு 16 அழகான பொம்மை இருந்திருக்கும், இந்தக் கதை இருந்திருக்காது. இந்தத் துறையில எல்லா கேள்வியும் கடைசியில இங்க தான் வந்து நிக்கும், பொருள் எங்க, எப்படி, எது பக்கத்துல கிடந்துச்சு.

இரும்பே இல்லாம இப்படி எப்படி செதுக்கினாங்க? சக்கரம் கூட தெரியாதாமே?

கல்லை கல்லால தான். பச்சைக்கல்லுல ஜேட் வகைன்னா இரும்பு கத்திக்கே கீறல் விழாது, அதை கயிறும் மணலும் தண்ணியும் வெச்சு அறுத்து, மூங்கில் மாதிரி குழாயை மணல் போட்டு சுத்திச் சுத்தி துளை போட்டு, மாசக்கணக்குல தேய்ச்சு எடுத்திருக்காங்க. வெட்டுறதுக்கு அப்சிடியன்னு எரிமலைக் கண்ணாடி, அதை உடைச்சா வர்ற விளிம்பு இன்னைக்கு ஆபரேஷன் கத்தியைவிட கூர்மை. சக்கரம் தெரியாதுன்னு சொல்றது தப்பு, வெராக்ரூஸ் பக்கம் சக்கரம் வெச்ச மண் பொம்மை நாய் எல்லாம் கிடைச்சிருக்கு. இழுக்க மாடோ குதிரையோ கிடையாது, அப்புறம் வண்டி செஞ்சு யாரு இழுக்கிறது.

பகால் ராஜா கல்லறை மூடியில ராக்கெட் ஓட்டுறார்னு படம் பார்த்தேன், உண்மையா?

இல்ல. ஆனா அந்த இடத்தோட நிஜக் கதை ராக்கெட்டைவிட நல்லா இருக்கு, அதை சொல்றேன். மெக்ஸிகோவுல பாலென்கேன்னு ஒரு மாயா ஊர், அங்க கல்வெட்டுக் கோயில்னு ஒரு பிரமிடு. அல்பெர்டோ ரூஸ்னு ஒரு தொல்லியலாளர் 1949 வாக்குல அங்க வேலை பார்க்கும்போது ரெண்டு விஷயம் கவனிச்சார். ஒண்ணு, மேல இருக்குற கோயிலோட சுவர் தரையோட நிக்காம கீழயும் போகுது. ரெண்டு, தரையில ஒரு பலகைக் கல்லுல வரிசையா ஓட்டை போட்டு கல் தக்கையால அடைச்சிருக்கு, தூக்கறதுக்காக போட்ட ஓட்டை. தூக்கினா கீழ படிக்கட்டு, முழுக்க கல்லும் மண்ணும் போட்டு வேணும்னே அடைச்சது. அதைக் காலி பண்ணவே நாலு சீசன் ஆச்சு. 1952 ஜூன்ல கீழ போய் சேர்ந்தா ஒரு கல் பெட்டியில பலி குடுத்தவங்க எலும்பு, அதுக்கப்புறம் முக்கோணக் கல் கதவு, அதுக்குள்ள கல்லறை. சவப்பெட்டி அந்தப் படிக்கட்டு வழியா வரவே வராது, அவ்ளோ பெருசு, முதல்ல பெட்டியை வெச்சுட்டு அதுக்கு மேல தான் பிரமிடையே கட்டியிருக்காங்க. உள்ள இருந்தவர் பகால், 615லேருந்து 683 வரைக்கும் ஆண்டவர், முகத்துல பச்சைக்கல் துண்டுகளை ஒட்டி செஞ்ச முகமூடி.

ராக்கெட்டுன்னு காட்டுறவங்க அந்த மூடியை படுக்கப் போட்டு காட்டுவாங்க. நிமிர்த்திப் பாருங்க. கீழ எலும்பு வாய் ஒண்ணு ரெண்டு தாடையையும் திறந்துக்கிட்டு இருக்கு, அது பாதாளம். அதுக்கு மேல மல்லாக்க சாஞ்ச மாதிரி பகால். முதுகுக்குப் பின்னாடி சிலுவை மாதிரி எழும்புறது உலக மரம், உச்சியில ஒரு பறவை. பெட்டியோட பக்கவாட்டுல சுத்தி அவரோட அப்பா அம்மா பாட்டன்மார் பேரோட இருக்காங்க, ஒவ்வொருத்தரும் ஒரு பழ மரமா தரையைப் பிளந்து முளைக்கிறாங்க, கொக்கோ, வெண்ணெய்ப்பழம், கொய்யான்னு. ராக்கெட் பைலட்டுக்கு சுத்தி கொய்யா மரம் எதுக்குங்க?

இந்த முகமூடியை 1985 கிறிஸ்துமஸ் சமயம் மெக்ஸிகோ சிட்டி மியூசியத்துலேருந்தே திருடிட்டாங்க, கூட நூத்துக்கும் மேல பொருள். 1989ல தான் திரும்ப கிடைச்சுது.

மாயா எழுத்தை இப்ப முழுசா படிக்க முடியுதா?

பெரும்பகுதி படிக்க முடியுது. இதுல ஒரு கொடுமை, 1562ல மானி ஊர்ல டியேகோ டி லாண்டான்னு ஒரு பாதிரியார் மாயா புத்தகங்களை குவிச்சு எரிச்சார், ஆனா அதே ஆள் எழுதி வெச்ச குறிப்புல இருந்த அரைகுறை எழுத்துப் பட்டியலை வெச்சு தான் பின்னாடி பூட்டே திறந்துச்சு. இன்னைக்கு மாயா ஏடுகள் நாலே நாலு தான் மிச்சம். 1952ல யூரி க்னோரோசோவ்னு ஒரு சோவியத் ஆய்வாளர், இதுல நிறைய குறி சொல் கிடையாது, அசைன்னு சொன்னார், மேல்நாட்டு பெரிய தலைகள் ரொம்ப நாள் ஏத்துக்கல. 1960ல தத்தியானா ப்ரோஸ்குரியாகோஃப்ங்கற ஆய்வாளர், பியெட்ராஸ் நெக்ராஸ் ஊர் கல்தூண்கள்ல இருக்குற தேதிகளை கூட்டம் கூட்டமா பிரிச்சுப் பார்த்தாங்க, ஒவ்வொரு கூட்டமும் ஒரு மனுஷ ஆயுசுக்குள்ள அடங்குது, அப்ப இது சாமி கதையோ நட்சத்திரக் கணக்கோ இல்ல, ராஜா பிறந்தது பட்டம் கட்டினதுன்னு வரலாறுன்னு நிரூபிச்சாங்க. அவங்க அடிப்படையில கட்டடக்கலை படிச்சவங்க, இடிபாடுகளையும் தூண்களையும் வரைஞ்சு வரைஞ்சு கண்ணு பழகினவங்க, அது தான் உதவியிருக்கணும்.

எழுத்தைப் படிச்சது சரின்னு எப்படி நம்புறது?

குவாத்தமாலால ரியோ அசுல்னு ஒரு இடம், அங்க ஒரு கல்லறையில 1984ல ஒரு மண் ஜாடி கிடைச்சுது, மூடி திருகி மூடுற மாதிரி, தூக்க கைப்பிடியோட. மேல எழுத்து இருந்துச்சு, அதுல கொக்கோன்னு படிச்சாங்க. உள்ள ஒட்டியிருந்த கசடை சாக்லேட் கம்பெனி லேப்ல குடுத்து சோதிச்சா கொக்கோவுல இருக்குற தியோப்ரோமைன் வந்துச்சு. ஜாடி மேல என்ன எழுதியிருக்கோ அது உள்ள இருந்துச்சு, அவ்ளோ தான், வேற சாட்சி வேணுமா.

பார்த்தே ஆக வேண்டிய ஒரே ஒரு சிற்பம் சொல்லுங்க?

யாஷ்சிலான்ங்கற மாயா ஊரோட லின்டல் 24, இப்ப லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல. கதவுக்கு மேல போடுற உத்திரக் கல், நீங்க வாசல்ல நுழைஞ்சு தலையைத் தூக்கினா தான் தெரியும். ராஜா நின்னு ஒரு பெரிய தீப்பந்தத்தை பிடிச்சிருக்கார். எதிர்ல ராணி, கபால் ஷோக், மண்டி போட்டு நாக்குல துளை போட்டு அதுல முள்ளு வெச்ச கயிறை இழுக்கிறாங்க, கயிறு கீழ கூடையில விழுது, கூடைக்குள்ள ரத்தம் பட்ட மரப்பட்டைத் தாள். வாயோரம் ரத்தம் சுருள் சுருளா. நான் திரும்பத் திரும்ப பார்க்குறது ராணியோட புடவை மாதிரி தொங்குற அந்த நெய்த துணியைத் தான், கட்டம் கட்டமா பூ வேலை, ஓரத்துல குஞ்சம், துணியில ஒரு இழை கூட இன்னைக்கு மிஞ்சாத ஊர்ல நெசவு எப்படி இருந்துச்சுன்னு கல்லு தான் சொல்லுது. கல்வெட்டுல தேதி இருக்கு, கி.பி. 709. ஆல்ஃப்ரெட் மௌட்ஸ்லேங்கற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1882ல அந்த ஊருக்குப் போய் வெட்டி எடுத்து அனுப்பினது. இதே வாசல் வரிசையில இருந்த இன்னொரு லின்டல் மெக்ஸிகோவுல இருக்கு, ஒரே வீட்டு உத்திரம் ரெண்டு கண்டத்துல.

மாயா ஓவியங்கள்ல வர்ற அந்த நீலம் ஏன் மங்காம இருக்கு?

அவுரிச் செடியோட சொந்தக்காரச் செடியிலேருந்து எடுத்த நீலத்தை பாலிகோர்ஸ்கைட்னு ஒரு களிமண்ணோட சேர்த்து சூடு பண்ணியிருக்காங்க. சாயம் களிமண்ணோட நுண்ணிய குழிக்குள்ள போய் மாட்டிக்குது, வெயில், மழை, ஆசிட் எதுவும் ஈஸியா எடுக்க முடியாது. வடக்குல இருக்குற சிச்சேன் இட்சாங்கற மாயா ஊர்ல பலி போட்ட பெரிய கிணத்தோட அடியில நாலு மீட்டர் தடிமனுக்கு நீல வண்டல் படிஞ்சிருந்துச்சு, பலிக்கு முன்னாடி பூசின சாயம் காலங்காலமா கழண்டு இறங்கினது.

தியோதிவாக்கான் யாரு கட்டினது?

தெளிவான பதில் கிடையாது. அவங்க என்ன மொழி பேசினாங்கன்னே தெரியாது, அந்தப் பேரே ஆஸ்டெக் ஆளுங்க பல நூற்றாண்டு கழிச்சு இடிபாட்டைப் பார்த்து வெச்சது. உச்சத்துல ஒரு லட்சம் பேருக்குக் கிட்ட இருந்திருக்காங்க, அதுல பெரும்பாலானவங்க குடிசையில இல்ல, சுவர்ல ஓவியம் தீட்டின, முற்றம் வெச்ச பெரிய பெரிய குடியிருப்புல. எனக்கு சூரிய பிரமிடைவிட இது தான் ஆச்சரியம், அந்தக் காலத்துல உலகத்துல வேற எந்த ஊர்ல சாதாரண குடும்பத்துக்கு இப்படி வீடு இருந்துச்சுன்னு தேடிப் பாருங்க.

2003ல பலத்த மழைக்கு அப்புறம் இறகுப் பாம்பு பிரமிடுக்கு முன்னாடி தரையில ஒரு ஓட்டை விழுந்துச்சு. செர்ஹியோ கோமெஸ்ங்கற தொல்லியலாளர் கயிறு கட்டிக்கிட்டு இறங்கினா, பிரமிடுக்கு அடியில நூறு மீட்டர் போற ஒரு டன்னல், பழைய ஆளுங்களே கல் போட்டு அடைச்சது. அடைப்பை எடுக்க வருஷக்கணக்கு ஆச்சு. சுவர்ல மின்னுற பைரைட் தூள் பூசியிருந்தாங்க, தீப்பந்தம் காட்டினா நட்சத்திரம் மாதிரி மின்னியிருக்கும், கடைசி அறைகள்ல பாதரசம் கூட கிடைச்சுது. ராஜா கல்லறை கிடைக்கும்னு உலகமே காத்திருந்துச்சு, கிடைக்கல.

நரபலி நிஜமா, ஸ்பெயின்காரங்க கட்டின கதையா?

நிஜம். எண்ணிக்கை தான் கதை. 1487ல ஆஸ்டெக் தலைநகர்ல பெரிய கோயில் திறப்புக்கு எண்பதாயிரம் பேரை வெட்டினாங்கன்னு பழைய குறிப்புல இருக்கு, அதை இப்ப யாரும் அப்படியே நம்புறதில்ல. ஆனா மெக்ஸிகோ சிட்டி நடுவுல 2015ல ஒரு பழைய கட்டடத்துக்கு அடியில சுண்ணாம்பு போட்டு வட்டமா அடுக்கின மண்டை ஓட்டுக் கோபுரம் கிடைச்சுது, 2020க்குள்ள 600 தாண்டிருச்சு. போர்க்கைதி மட்டும் தான்னு நினைச்சிருந்தாங்க, பெண்கள், குழந்தைகள் மண்டையும் இருக்கு. அதே பக்கத்துல 1978 பிப்ரவரியில கரண்ட் கம்பெனி ஆளுங்க கேபிளுக்கு குழி வெட்டும்போது தான் கொயோல்ஷாவ்கி கல் தட்டுப்பட்டுச்சு, மூணே கால் மீட்டர் வட்டக் கல், கை கால் தலை தனித்தனியா வெட்டுப்பட்டுக் கிடக்குற பெண் தெய்வம், வெட்டின இடத்துல எலும்பு முனை கூட செதுக்கியிருக்கு, கன்னத்துல மணி. அண்ணன் தம்பி சண்டை மாதிரி இது அக்கா தம்பி சண்டை, தம்பி விட்ஸிலோபோச்ட்லி அக்காவை மலையிலேருந்து உருட்டி விட்டார்னு புராணம். கல் இருந்த இடம் அவர் கோயில் படிக்கட்டோட அடிவாரம். மேல பலி குடுத்து உருட்டி விட்ட உடம்பு நேரா வந்து இந்தக் கல்லுக்கு மேல விழும். இந்தக் கல்லை மியூசியத்துல மட்டும் பார்த்திருந்தா இது யாருக்கும் புரிஞ்சிருக்காது.

2012ல உலகம் அழியும்னு மாயாக்கள் சொன்னாங்களா?

இல்ல. மாயா காலண்டர்ல 1,44,000 நாள் கொண்ட கட்டம் 13 முடிஞ்சுது, அவ்ளோ தான். பாலென்கே கல்வெட்டுல கி.பி. 4772ல வரப்போற ஒரு நாளைப் பத்தி எழுதி வெச்சிருக்காங்க.

மாயாக்கள் திடீர்னு மறைஞ்சு போயிட்டாங்களா?

லட்சக்கணக்குல இருக்காங்க, மாயா மொழிகளே கிட்டத்தட்ட 30 பேசுறாங்க. 9ஆம் நூற்றாண்டுல தெற்கு நகரங்கள்ல ராஜாக்கள் காலியானாங்க, வறட்சி, ஓயாத சண்டை, ரெண்டும் சேர்ந்து. பழைய முறையில தேதி போட்ட கடைசி கல் தொனினாங்கற ஊர்ல இருக்கு, கி.பி. 909. ஆனா வடக்குல சிச்சேன் இட்சா அதுக்கப்புறமும் ஓடுச்சு, கடைசி மாயா ராஜ்ஜியம் 1697ல தான் ஸ்பெயின்கிட்ட விழுந்துச்சு.

இந்தியாவுலேருந்து போனவங்க தான் கட்டினாங்கன்னு ஃபார்வர்ட் வருதே? மயன் தான் மாயாவாமே?

பேர் ஒத்துப் போறது தற்செயல். ஆனா இந்த மாதிரி ஒரு வாதம் நூறு வருஷம் முன்னாடி சீரியஸாவே நடந்துச்சு, எலியட் ஸ்மித்னு ஒருத்தர் கோப்பான்ங்கற மாயா ஊர்ல தூண் பி மேல மூலையில இருக்குறது தும்பிக்கை, மேல உக்காந்திருக்கறது பாகன்னு அடிச்சு சொன்னார். நீளமா வளைஞ்சிருக்கு, உண்மை தான். ஆனா அது மக்கா கிளியோட அலகு, அதே தூண்ல இருக்குற எழுத்தைப் படிச்சப்போ அதுல மக்கா மலைன்னே இருந்துச்சு. நிஜமான தொடர்பு வேணும்னா நம்ம தோட்டத்து சப்போட்டா மரத்தைப் பாருங்க, அந்த மரம் அங்கேருந்து தான் உலகம் பூரா போச்சு. டிகால்ங்கற மாயா ஊரோட கோயில் வாசல் உத்திரம் எல்லாம் சப்போட்டா கட்டையில செதுக்கினது, ஆயிரத்து இருநூறு வருஷம் தாண்டியும் இருக்கு.

பழைய மெக்ஸிகோ ஆளுங்க செதுக்கினதுன்னு சொல்ற கிரிஸ்டல் மண்டை ஓடு நிஜமா?

போலி. முறையா தோண்டின எந்தக் குழியிலேருந்தும் ஒண்ணு கூட வந்ததில்ல. பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்குறதை மைக்ரோஸ்கோப்ல பார்த்தப்போ சுத்துற சக்கரத்தால தேய்ச்ச தடம் இருந்துச்சு, அந்தக் கருவி அங்க கிடையாது, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பா வேலை.

காடு மேல பிளேன்ல பறந்து லேசர் அடிச்சு ஊர் கண்டுபிடிக்கிறாங்களே, அது எவ்ளோ நம்பலாம்?

லைடார்னு பேரு, மரத்தை எல்லாம் கழிச்சுட்டு தரையோட மேடு பள்ளத்தை மட்டும் காட்டும். 2018ல குவாத்தமாலா வடக்குல 60,000 கட்டடத்துக்கு மேல காட்டுச்சு. 2020ல அறிவிச்ச அகுவாடா ஃபேனிக்ஸ், மெக்ஸிகோவோட டபாஸ்கோ மாநிலத்துல, 1,400 மீட்டர் நீள மேடை, கி.மு. 1000லேருந்து 800க்குள்ள கட்டினது, ஜனங்க மாட்டு மேய்ச்சல் நிலம்னு நினைச்சுக்கிட்டு அது மேலயே நடமாடிக்கிட்டு இருந்தாங்க. லேசர் இடத்தை தான் காட்டும், காலத்தை சொல்ல இறங்கி மண்வெட்டி பிடிக்கணும்.

நேர்ல எங்க பார்க்கலாம்?

மெக்ஸிகோ சிட்டி மானுடவியல் மியூசியம், 1964ல திறந்தது, லா வென்டா படையல் 4ம், ஆஸ்டெக் ஆளுங்க செதுக்கின பெரிய சூரியக் கல்லும் அங்க தான். ஒரு முழு நாள் ஒதுக்குங்க, மாயா ஹால் கிட்டத்தட்ட கடைசியில வரும், அதுக்குள்ள கால் ஓஞ்சிரும், அதனால அங்கேருந்து ஆரம்பிங்க. டெம்ப்ளோ மயோர் (ஆஸ்டெக் பெரிய கோயில்) மியூசியம் சிட்டி நடுவுல, கொயோல்ஷாவ்கியை மாடியிலேருந்து கீழ பார்க்கற மாதிரி வெச்சிருக்காங்க, அப்படிப் பார்த்தா தான் முழு உருவம் தெரியும். ஓல்மெக் தலைகளுக்கு வெராக்ரூஸ் மாநிலத்துல ஹலாபா மியூசியம், ஏழு தலை இருக்கு. சிச்சேன் இட்சால பிரமிடு மேல இப்ப ஏற விடுறதில்ல.